முத்திரை கிடைக்காத நட்சத்திரம்

போளூர் கால்நடை மருத்துவர் தரணேந்திரன் ஒரே இரவில் நாற்பது பொய் சொன்னதாக அரசாங்கம் முடிவு செய்த நேரத்தில், அவர் ஜவ்வாது மலைமேல் ஒரு ஜீப்பின் பின்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

இது நடந்தது 2046, பங்குனி மாதம். மெய்ப்படச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் எந்தப் படத்தையும் யாரும் நம்ப முடியாத நிலை. செத்துப்போனவர் கைகூப்பி ஓட்டுக் கேட்கும் படம் வரும். எதிர்வீட்டுக்காரர் புலிக்கு இட்லி ஊட்டும் படம் வரும். சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு கேமராவிலும் ஒரு சில்லு பொருத்தப்பட்டது. படம் எடுத்த கணத்தில் அது மையக் கணினியிடம் கேட்கும்: உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்தால் படத்தின் மூலையில் நீல வட்டம் ஒன்று விழும். அதுதான் மெய்முத்திரை. முத்திரை விழாத படம், எடுத்த கேமராவின் சின்னத் திரையில் மட்டும் தெரியும். வேறு எந்த போனிலும் திறக்காது, எந்த அச்சகத்திலும் அச்சாகாது.

மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். சின்னச் சின்னச் சங்கடங்கள் இல்லாமல் இல்லை. சேத்துப்பட்டில் ஐந்து காலோடு பிறந்த கன்றுக்குட்டிக்கு முத்திரை மறுக்கப்பட்டது. முப்பது வருடமாகச் சிரித்தறியாத தலைமையாசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்ற அன்று சிரித்துவிட்டார். அந்தப் படம் போலி என்று தள்ளுபடியானது. பாவம், மறுபடி முறைத்துக்கொண்டு நின்று ஒன்று எடுத்துக்கொண்டார்.

தரணேந்திரனுக்கு நாற்பத்தேழு வயது. பகலெல்லாம் மாடு, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வானம். பத்து அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் அதில் மாட்டும் கேமராவும் வைத்திருந்தார். துணைக்கு வருபவர் டயர் ரீட்ரெடிங் கடை மஸ்தான் பாய். பாய்க்கு வானத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஜீப் அவருடையது, மலைக்காற்றில் பரோட்டா தனி ருசி என்பது அவர் கட்சி. தரணேந்திரன் சமணர், பொழுது சாய்ந்த பின் சாப்பிட மாட்டார். எனவே ஒருவர் பசியோடு வானத்தைப் பார்ப்பார், மற்றவர் சால்னாவோடு அவரைப் பார்ப்பார்.

எரிகல் படம் எடுப்பதிலேயே அவர்களுக்குச் சட்டத்தோடு உரசல் இருந்தது. டிசம்பர் பதின்மூன்றிலும் பதினான்கிலும் விழும் எரிகற்கள் மையக் கணினியின் பட்டியலில் இருந்ததால் அவற்றுக்கு முத்திரை கிடைத்தது. பன்னிரண்டாம் தேதி விழுந்த கல்லை லென்ஸில் விழுந்த கீறல் என்று சில்லு சொல்லிவிட்டது.

“கல்லு என்ன, காலண்டரப் பாத்துக்கினா வுழும்?” என்றார் மஸ்தான் பாய்.

அந்தப் பங்குனி இரவில் தரணேந்திரன் குறி வைத்தது ஒரு கேலக்ஸியை. சப்தரிஷி மண்டலத்தின் வாலுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் ஓலையில் செய்யும் காற்றாடியைப் போலக் கைகளைச் சுழற்றிக்கொண்டு கிடக்கும் ஒரு விண்மீன் கூட்டம். அத்தனை மங்கலான பொருளுக்கு ஒரு படம் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக நாற்பது படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கேமராவைத் தானாக இயங்க விட்டுவிட்டு இருவரும் ஜீப்புக்குள் போய்ப் படுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ‘டிங்’ என்று சத்தம் கேட்டது.

“நல்லா ஓடுது பாய்,” என்றார் தரணேந்திரன் தூக்கக் கலக்கத்தில்.

அது முத்திரை மறுக்கப்பட்டதற்கான சத்தம்.

விடிந்ததும் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தவர் பல் துலக்கவும் மறந்தார். காற்றாடியின் ஒரு கையில், இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில், ஊசி குத்தியது போல ஒரு வெளிச்சம். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நாற்பதிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

“செயற்கைக்கோளா இருக்கும், டாக்டரே.”

“செயற்கைக்கோள்னா கோடு இழுத்துக்கினு போவும். எரிகல்லும் அப்படித்தான், ஒரு படத்துல இருந்தா அடுத்ததுல இருக்காது. இது அசையாம மூணு மணி நேரத்துக்கு மேல அங்கயே நிக்குது. பாய், இது சூப்பர்நோவா! நம்ம சூரியனை விடப் பெரிய நட்சத்திரம் ஒண்ணு வெடிச்சிருக்கு!”

மஸ்தான் பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மூணு நாள் முன்னாடி என் கடைக்கு வந்த டியூப்ல வுழுந்த ஓட்ட கூட இதவிடப் பெருசா இருந்துச்சு,” என்றார். ஆனால் அவர் குரலும் தணிந்துதான் இருந்தது.

காலை எட்டு மணிக்குத் தரணேந்திரனின் போனில் செய்தி வந்தது. ஒரே பொருளைப் பற்றி மூன்று முறைக்கு மேல் முத்திரையற்ற படம் எடுப்பவர் ‘தொடர் பொய்ப்படக்காரர்’ ஆவார். தாங்கள் நாற்பது முறை எடுத்திருக்கிறீர்கள். இன்று முதல் தங்கள் பெயரில் எடுக்கப்படும் எந்தப் படத்துக்கும் முத்திரை கிடையாது. மேல்முறையீடு செய்ய விரும்பினால் படிவம் ஒன்பது.

வீட்டில் அவர் மனைவி ஜினமதி செய்தியை இரண்டு முறை படித்தாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவள்.

“நாற்பதா? கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல நான் கண்டுபிடிச்சதே பதினேழுதாங்க.”

தரணேந்திரன் சிரிக்கவில்லை. பொய் சொல்வதில்லை என்று கோயிலில் விரதம் எடுத்துக்கொண்டவர் அவர். மாடு பிழைக்காது என்றால் பிழைக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்காகப் பல வீடுகளில் மோர்கூடக் கிடைக்காமல் திரும்பியவர். இப்போது தெருவில் பால் ஊற்றுகிறவர்கூட, “இன்னா டாக்டர், இந்த மாடு நெசமாவே சினையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். ஆனால் அந்த வாரம் களம்பூர்ப் பக்கம் கன்றுகளுக்குத் தோலில் முடிச்சு முடிச்சாக ஒரு நோய் கண்டது. படம் எடுத்துச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அரை மணியில் பதில் வரும். அவர் படம் அங்கே திறக்கவில்லை. பாயின் போனில் எடுத்து அனுப்பினால், மருத்துவர் அல்லாதவர் அனுப்பிய படம் என்று திரும்பி வந்தது. கடைசியில் சீழை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்கே போனார். மருந்து வர மூன்று நாள் ஆனது. அதற்குள் நான்கு கன்றுகள் செத்தன. நான்காவது கன்றுக்காரி பச்சையம்மா அவரைத் திட்டவில்லை. “பொய் படம் எடுத்தீங்களாமே சார்? நீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே படிவம் ஒன்பதோடு திருவண்ணாமலையில் இருந்த மெய்ப்படத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். பாயும் கூட வந்தார்.

துணை ஆணையர் செங்கமலம் நாற்பது வயதுக்காரர். மேஜையில் ஒரு தூசி கிடையாது. படிவத்தை வரி வரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மூணாவது பத்தி காலியா இருக்கு சார். இதே பொருளை இதுக்கு முன்னாடி எடுத்து, முத்திரை வாங்குன படம் ஒண்ணு இணைக்கணும்.”

“மேடம், அந்தப் பொருள் இதுக்கு முன்னாடி இல்ல.”

“இல்லாதத எப்படி சார் படம் எடுத்தீங்க?”

“இப்போ இருக்கு.”

“இப்போ இருக்குன்னு என்ன ஆதாரம்?”

“நான் எடுத்த படம்.”

“அதுக்குத்தான் முத்திரை இல்லையே.”

மஸ்தான் பாய்க்குப் பொறுக்கவில்லை. “மேடம், ஒரு வீட்ல கொழந்த பொறக்குது. இதுக்கு முன்னாடி இந்தக் கொழந்த எங்க இருந்துச்சுன்னா கேக்குறாங்க?”

“ஆஸ்பத்திரியில பொறந்தா ஆஸ்பத்திரி சான்று குடுக்கும். வீட்ல பொறந்தா விஏஓ குடுப்பாரு. வானத்துக்கு விஏஓ யாருங்க?”

பாய் யோசித்தார். அப்படி ஒருவர் நினைவுக்கு வரவில்லை.

“உலகத்துல எத்தனையோ பெரிய தொலைநோக்கி இருக்கே சார்,” என்றார் செங்கமலம். “அதுல ஒண்ணுகூடவா பாக்கல?”

“எல்லாத்துலயும் இதே சில்லுதான் மேடம். இதே பட்டியல்தான். பாத்தவங்க எல்லாம் தன் கேமராவுலதான் கோளாறுன்னு நெனச்சு அழிச்சிருப்பாங்க. என்னை மாதிரி விடாம நாற்பது எடுத்தா பொய்யன்னு பேரு வருதே.”

செங்கமலம் பேனாவை மூடி வைத்தார்.

“சார், இந்தச் சட்டம் உங்களுக்கு முட்டாள்தனமாத் தெரியும். என் தங்கச்சி காலேஜ் படிக்கும்போது ஒருத்தன் அவ மூஞ்சிய வெச்சு ஒரு படம் செஞ்சு விட்டான். எல்லார் போனுக்கும் போச்சு. நான் இல்ல, நான் இல்லன்னு அழுதா. எங்கப்பாவே நம்பல. நாலு வருஷம் அவ ரூமை விட்டு வெளிய வரல. முத்திரை வந்து, முத்திரை இல்லாத படம் ஒண்ணுகூட இனிமே திறக்காதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் தெருவுல எறங்கி கீரை வாங்குனா. ஒரு கட்டு அரைக்கீரை. நான் இந்த வேலைக்கு வந்ததே அதுக்காகத்தான். உங்க நட்சத்திரத்துக்காக நான் ஒரு ஜன்னலைத் தொறந்து விட்டேன்னா, அதே ஜன்னல் வழியா எவனெவன் வருவான்னு எனக்குத் தெரியும்.”

தரணேந்திரன் எழுந்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்போ வேணாம் மேடம். நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தப் பொண்ணு கீரை வாங்கட்டும்.”

வாசல் வரை போய்விட்டார்கள். பின்னால் இருந்து குரல் வந்தது.

“சார், கொஞ்சம் நில்லுங்க. ஆறு வருஷத்துல இந்த மேஜைக்கு ஆயிரத்துச் சொச்சம் பேரு வந்திருக்காங்க. கத்துவாங்க, அழுவாங்க, மேலிடத்துல இருந்து போன் பண்ண வெப்பாங்க. மனுவை வாபஸ் வாங்குன ஒரே ஆளு நீங்கதான்.” செங்கமலம் நாட்குறிப்பைப் புரட்டினார். “சனிக்கிழமை கள ஆய்வு போட்டுக்கலாம். எத்தனை மணிக்குத் தெரியும் உங்க பொருள்?”

சனிக்கிழமை மாலை ஜினமதியும் சேர்ந்து நால்வரும் மலையேறினார்கள். வெயில் இருக்கும்போதே தரணேந்திரனும் ஜினமதியும் கட்டுச்சோறு சாப்பிட்டு முடித்தார்கள். செங்கமலம் தனக்கென்று எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். ஆய்வு செய்யப்படுபவரிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது விதி. பாய் நீட்டிய பரோட்டாப் பொட்டலத்தை அவர் பார்த்த பார்வையில், விதி போட்டவர்கள் பரோட்டா சாப்பிட்டதில்லை என்ற வருத்தம் தெரிந்தது.

எட்டரை மணிக்குத் தரணேந்திரன் தொலைநோக்கியை அந்தக் கேலக்ஸியின் பக்கம் திருப்பி வைத்தார். செங்கமலம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

“ஒண்ணும் தெரியல சார். இருட்டாத்தான் இருக்கு.”

“நேராப் பாக்காதீங்க மேடம். கொஞ்சம் ஓரமாப் பாருங்க. மெதுவாத்தான் தெரியும்.”

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம்.

“பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி ஒரு வெளுப்பு.” கண்ணை இன்னும் நெருக்கி வைத்தார். “அதுல ஒரு ஓரத்துல… புள்ளி. ஆமா. புள்ளி இருக்கு.”

“அந்த வெளிச்சம் அங்க இருந்து கெளம்பி ரெண்டு கோடியே பத்து லட்சம் வருஷம் ஆச்சு மேடம். வழியெல்லாம் யாரும் தடுக்கல. நம்ம சில்லு வரைக்கும் வந்துதான் மாட்டிக்குச்சு.”

செங்கமலம் நிமிரவே இல்லை. ஜினமதிதான், “மேடம், கழுத்து புடிச்சுக்கும்,” என்று தோளைத் தொட்டாள்.

நிமிர்ந்தபோது அவர் முகம் அலுவலக முகமாக இல்லை. “நான் பாத்துட்டேன்,” என்றார். “ஆனா எழுத முடியாதே. கள ஆய்வு அறிக்கையோட முத்திரை போட்ட படம் இணைக்கணும். என் கண்ணுல சில்லு இல்லையே சார்.”

மஸ்தான் பாய் கடைசிப் பரோட்டாவை மடித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்: “கேமராவே இல்லாத காலத்துல இன்னா பண்ணாங்க, டாக்டரே?”

“கண்ணால பாத்து வரைஞ்சு வெச்சாங்க பாய்.”

செங்கமலம் சட்டென்று திரும்பினார். “சட்டத்துல ‘கேமராவால் எடுக்கப்பட்ட படம்’னுதான் இருக்கு. கையால வரைஞ்சதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.” கைப்பையைத் திறந்தார். “நான் பிஎஸ்ஸி தாவரவியல். ரெக்கார்டு நோட்டுல மாவட்டத்துலயே நான்தான் முதல். பென்சில் இருக்கா?”

ஜினமதியிடம் இருந்தது. கணக்கு டீச்சரின் பையில் ஸ்கேலும் அழிரப்பரும்கூட இருந்தன. அரசாங்கக் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜீப்பின் பானட்டில் விரித்தார் செங்கமலம். பாய் சிவப்புத் துணி கட்டிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்ப்பது, வந்து புள்ளி வைப்பது, மறுபடி குனிவது. ஒன்றரை மணி நேரம். கேலக்ஸியின் நடு, கைகள், சுற்றியிருந்த ஒன்பது நட்சத்திரங்கள். தாவர வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்துக்குப் பாகம் குறிப்பது போல ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, ‘அ – புதிய புள்ளி’ என்று எழுதினார். கீழே, ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

“இதுக்கு என்ன மேடம் மதிப்பு?” என்றார் தரணேந்திரன் தயக்கத்தோடு. “யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் வரையலாமே.”

“வரையட்டும். வரைஞ்சவன் பேரை எழுதணும் இல்ல? என் தங்கச்சி படத்துக்குக் கீழ யாரு பேரு சார் இருந்துச்சு? தப்பா இருந்தா நாளைக்கு என்னை வந்து கேப்பாங்க. கேக்கட்டும்.”

மஸ்தான் பாய் தன் போனால் அந்தத் தாளைப் படம் எடுத்தார். உடனே மூலையில் நீல வட்டம் விழுந்தது. காகிதம் உலகத்தில் இருக்கிறது, காகிதத்தில் பென்சில் கோடு இருக்கிறது; சில்லுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அங்கிருந்தே அதைப் பன்னாட்டு வானியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். நீண்ட காலத்துக்குப் பிறகு அந்தச் சங்கத்துக்கு வந்த முதல் பென்சில் படம் அது என்று பிற்பாடு தெரிந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. படத்தைச் சங்கம் எல்லா நாட்டு உறுப்பினருக்கும் சுற்றுக்கு விட்டிருந்தது. சிலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் துருக்கியிலிருந்தும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாக் கடிதமும் ஏறக்குறைய ஒன்றுதான்: நானும் பார்த்தேன், என் கேமராதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், மூன்றாவது படத்தோடு நிறுத்திவிட்டேன். ஒருவர் புதுக் கேமராவே வாங்கிவிட்டாராம்.

புள்ளி பட்டியலில் ஏறியது. தரணேந்திரனின் பெயர் பொய்ப்படக்காரர் பட்டியலிலிருந்து இறங்கியது. ஏற ஒரு இரவு, இறங்க ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் ஆய்வகத்துக்கு மாட்டின் புண்களைப் பென்சிலால் வரைந்து கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினார். படம் மோசம், மாடா எருமையா என்று கேட்டு ஆய்வகத்திலிருந்து போன் வரும். ஆனாலும் மருந்து வந்தது. பச்சையம்மா வீட்டில் ஒருநாள் அவருக்கு மோர் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பசு பிழைக்காது என்று அன்றும் அவர் உண்மையைத்தான் சொன்னார். அது பிழைத்துக்கொண்டது.

இரண்டு வருடம் போயிற்று. மறுபடி ஒரு பங்குனியில் தரணேந்திரன் அதே கேலக்ஸியைப் படம் எடுத்தார். இந்த முறை தூங்கவில்லை. முதல் படத்துக்கே ‘டிங்’ என்றது. படம் எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் படித்தார்: ‘பட்டியலில் உள்ள நட்சத்திரம் படத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளது. முத்திரை மறுக்கப்படுகிறது.’

வெடித்த நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, அவர் தொலைநோக்கிக்கு எட்டாமல் போய்விட்டிருந்தது. அந்த இடம் மறுபடி வெறும் இருட்டு.

திங்கட்கிழமை காலை அவரும் பாயும் திருவண்ணாமலையில் செங்கமலத்தின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். துறை இதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தது. நகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவிலிருந்து மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர் ஒருவர் தயாரித்தது.

“இறந்த தேதி?” என்று கேட்டார் செங்கமலம்.

“சுமாரா ரெண்டு கோடியே பத்து லட்சம் வருஷத்துக்கு முன்னாடி மேடம்.”

செங்கமலம் பேனாவை நிறுத்தினார். “ஒரு வருஷத்துக்கு மேல போனா தாமதப் பதிவு சார். கோட்டாட்சியர் உத்தரவு வேணும்.”

“மேடம், செய்தி வந்து சேரவே அவ்ளோ நாள் ஆச்சு,” என்றார் மஸ்தான் பாய்.

“அதைக் காரணம்னு போட்டு ஒரு கடிதம் வெச்சிடுங்க.” செங்கமலம் படிவத்தைத் தரணேந்திரனிடம் நகர்த்தினார். “கடைசிப் பத்தியை நீங்கதான் நிரப்பணும்.”

அதில் இருந்தது: ‘தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன முறை?’

தரணேந்திரன் பேனாவை வாங்கிக்கொண்டார். பொய் எழுத அவருக்கு வராது. ‘பார்த்தவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

செங்கமலம் அதைப் படித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எழுத்தர் இந்தப் பக்கம் கவனிக்கவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் ‘கள்’ சேர்த்து, திருத்தத்துக்குக் கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.